முதல் வாங்கில் இடமில்லை

இஞ்சாருங்கோ,

போன கிழமை உங்களுடைய மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டேன். வாங்க வந்தவர் டயரை அமர்த்திப் பார்த்து, எங்கள் ஒழுங்கையின் முடக்குவரை ஓடிப் பார்த்துவிட்டு, இரண்டு ஹெல்மெட்டும் சேர்த்துத் தருவீர்களா என்று கேட்டார். உங்களுடையதைத் தூக்கிக் கொடுத்தேன். பின்னால் இருந்து போகும்போது நான் போட்டதைக் கொடுக்க மனம் வரவில்லை. அவர் போனபின் அதை முகத்தோடு சேர்த்து மணந்து பார்த்தேன். தேங்காயெண்ணெயும் வியர்வையும் செம்மண் புழுதியும் கலந்த பழைய மணம். அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். கோபம்தான் வந்தது.

செத்தவரோடு கோபிக்கக் கூடாது என்கிறார்கள். சொல்பவர்கள் உங்களோடு குடித்தனம் நடத்தியவர்கள் இல்லை.

அந்த ஹெல்மெட் என் தலைக்கு எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்ததும் எங்கள் பக்கத்துத் தகப்பன்மார் பெண்பிள்ளைகளைக் கலைக்கோ வர்த்தகத்துக்கோ அனுப்பிவிடுவார்கள். கெட்டிக்காரி என்றால் உயிரியல். உயர்தரத்தில் கணிதம் என்பது பெடியன்களுக்கு எழுதி வைத்த சொத்து. அது உங்களுக்குப் பொறுக்காது. பகலில் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துவிட்டு, பின்னேரத்தில் எங்கள் வளவுத் தகரக் கொட்டிலில் உயர்தர வகுப்பு எடுத்த மனிதர் நீங்கள். பெறுபேறு வந்த கையோடு என்னையும் ஏற்றிக்கொண்டு, தெல்லிப்பழையைச் சுற்றியுள்ள ஒழுங்கையெல்லாம் திரிவீர்கள். நான் எதற்கு என்று முதல் நாளே கேட்டேன்.

"பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டுப் படலையிலை நான் தனிய நிண்டால் நாய்தான் வரும். நீரும் வந்தால் தேத்தண்ணி வரும்" என்றீர்கள்.

தேத்தண்ணி வந்தது. பிள்ளைகளும் வந்தார்கள்.

உங்களுடைய பேச்சு எனக்குத் தேவாரம்போல மனப்பாடம். இணைந்த கணிதம் படித்த பிள்ளைக்குப் பொறியியல் மட்டும் இல்லை, கணினி, கட்டடம், வங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் வழி இருக்கும். கம்பஸ் முதல் வருடத்தில் மற்றவர்கள் திணறும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்திருக்கும். கம்பஸ் கிடைக்காவிட்டாலும் படித்தது எங்கேயும் ஓடிவிடாது. இவ்வளவும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, தகப்பன்மார் கடைசியில் ஒன்று கேட்பார்கள்: பிள்ளை கோட்டை விட்டால்? அதற்கென்றே காத்திருந்தவர்போல நீங்கள் கதிரையில் முன்னுக்கு வருவீர்கள்.

"விடட்டும். தன்னிலும் பெரிய கணக்கோடை ரெண்டு வருசம் மல்லுக்கட்டின பிள்ளை பிறகு ஒண்டுக்கும் பயப்படாது."

எத்தனையோ வீட்டில் கேட்டும் அந்த இடம் வரும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். இப்படி ஒருவருக்கா நான் வாழ்க்கைப்பட்டேன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். பெருமைப்பட்டதை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் மகள் கௌசி பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு பின்னேரம் கொட்டிலுக்கு உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாள், ஞாபகம் இருக்கிறதா? பலகையில் ஒரு கணக்கை இழுத்துக்கொண்டே போய், விடை பிழைத்து, நீங்களும் பிள்ளைகளும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றீர்கள். அவளுக்கு அந்தக் கணக்கின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனாலும் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "அப்பா, மேலை கழித்தல் எல்லோ, கீழை வரேக்கை கூட்டல் ஆகீட்டுது" என்றாள். கொட்டிலே சிரித்தது. இரவு சாப்பிடும்போது அதை மூன்று தரம் எனக்குச் சொன்னீர்கள். இவளுக்குக் கண் இருக்கிறது, கண் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி இன்னும் கொஞ்சம் பிட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். பக்கத்தில் இருந்து அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். உங்களுடைய கையெழுத்துப்போலவே எழுதிப் பழகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சாதாரண தரத்தில் அவளுக்குக் கணிதத்தில் பி. அவளுடைய சிநேகிதி சாந்திக்கு சி. சாந்தியின் தகப்பன் மறுத்தார் என்று அந்த வீட்டுக்கு இரண்டு தரம் போய், இருந்து, கெஞ்சி, சம்மதம் வாங்கியவர்கள் நீங்களும் நானும். கௌசியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? கடலில் இருப்பவனிடம் நீந்துவாயா என்று கேட்பார்களா?

வகுப்புத் தொடங்கிய நாள் அவள் புதுக் கொப்பியோடு போய் முன்வரிசையில், முதல் வாங்கில் இருந்தாள். நான் கிணற்றடியில் நின்றேன். நீங்கள் உள்ளே போனீர்கள், அவளைப் பார்த்தீர்கள், சிரித்தீர்கள்.

"பிள்ளை, உனக்கு இஞ்சை இடமில்லை. வீட்டை போ."

நீங்கள் பகிடி விடுகிறீர்கள் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு உங்களுடைய முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பினாள். அவள் எழும்பிய இடத்தில் சாந்தியை இருத்தினீர்கள். கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனாள்.

நான் சும்மா இருந்தேனா? வகுப்பு முடிய விடவில்லை, வாசலுக்கே வந்துவிட்டேன். அப்போதுதான் விசயம் வெளியில் வந்தது. நல்லூர்ப் பக்கம் பெரிய வகுப்பு நடத்திய ஒரு மாஸ்டரின் மகன் கணிதத்தில் கோட்டை விட்டானாம். பெற்ற பிள்ளைக்கே படிப்பிக்கத் தெரியாதவர் மற்றவர் பிள்ளைக்கு என்ன படிப்பிக்கப் போகிறார் என்று சனம் கதைத்து, அந்த மாஸ்டரின் வாங்குகள் வெறுமையாகிப் போயினவாம். "இவள் கோட்டை விட்டால் சனம் இவளைப் பாக்காது. என்ரை கொட்டிலைத்தான் பாக்கும்" என்றீர்கள். சாந்தி கோட்டை விட்டால் பார்க்காதா என்று கேட்டேன்.

"அவள் மாஸ்டரின்ரை பிள்ளை இல்லையே" என்றீர்கள்.

அந்த நேரம் உங்களை அடித்திருப்பேன். அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த முறை மிச்ச வீடுகளுக்கு உங்கள் பின்னால் ஏறமாட்டேன் என்று நின்றேன். நின்றும் பலன் இல்லை, அவளை வர்த்தகத்துக்குச் சேர்த்தே விட்டீர்கள். அடுத்த வருடம் ஒரு தாய், மாஸ்டரோடு அக்காவையும் வரச் சொல்லுங்கோ என்று சொல்லி அனுப்பினாள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று ஏறினேன். அங்கேதான் முதல்முதலாக அந்தக் கேள்வி வந்தது. உங்களுடைய மகளும் கணிதமா, மாஸ்டர்?

"இல்லை. அவவுக்குக் கொமேர்ஸிலைதான் விருப்பம்."

பக்கத்தில் நான் இருக்கிறேன் என்ற கூச்சம்கூட இல்லாமல் சொன்னீர்கள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை உறிஞ்சினீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கேள்வி வந்தது, அதே பொய்யும் வந்தது. நான் அந்த வீட்டுச் சுவரில் தொங்குகிற கலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பி வரும்போது உங்கள் முதுகோடுதான் சண்டை பிடிப்பேன். காற்றில் கேட்கவில்லை என்பீர்கள்.

அவள் கெட்டுப்போய்விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பரீட்சையை நன்றாகச் செய்தாள், நிதி நிறுவனத்தில் வேலை, ஊரே மெச்சுகிறது. ஆனால் கொட்டில் பக்கத்து யன்னலை அவள் திறப்பதே இல்லை. சித்திரை வெயிலில் வேர்த்து ஒழுகினாலும் திறக்கமாட்டாள். உங்களோடு முகம் கொடுத்துக் கதைத்தாள், மருந்து எடுத்துத் தந்தாள், ஆஸ்பத்திரியில் கடைசிவரை காலடியில் இருந்தாள். யன்னலை மட்டும் திறக்கவில்லை. நீங்களும் ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வார்த்தை போதும், பிள்ளை, அண்டைக்கு நான் செய்தது பிழை என்று. மற்றவர் பிள்ளைகளுக்கு மணிக்கணக்காகக் கதைத்த வாய்க்கு அது முடியாமல் போயிற்றா?

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலராகக் கல்வெட்டு அடித்தோம். உங்களிடம் படித்தவர்கள் வெளிநாட்டில் இருந்தெல்லாம் எழுதி அனுப்பினார்கள். பெண்பிள்ளைகளைக் கணிதத்துக்குக் கொண்டுவந்த வழிகாட்டி என்று பக்கத்துக்குப் பக்கம். அச்சுக்குப் போக முன்னர் அதில் எழுத்துப்பிழை திருத்தியவள் கௌசி. ஒரு வரியையும் வெட்டவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் உங்களுடைய பழைய மாணவர் ஒருவர், தங்கச்சி, நீங்கள் சேரிடம் படித்தது எந்தப் பட்ச் என்று அவளிடம் கேட்டார். அப்பாவின் வகுப்பில் தனக்கு இடமிருக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அவருக்குச் சாம்பார் விட்டாள். அவரும் அதைப் பகிடி என்றுதான் சிரித்தார்.

இப்போது கொட்டிலில் வகுப்பு எடுப்பது சாந்தி. முதல் முறை கோட்டை விட்டு, இரண்டாம் முறை சித்தியடைந்து, இன்று கணித ஆசிரியை. அவளைப் பார்க்கும்போது உங்களுடைய பேச்சு உண்மை என்று தெரிகிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். பேச்சு பொய்யாக இருந்திருந்தால் எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் நட்டமில்லை என்று கிடந்திருப்பேன்.

மோட்டார் சைக்கிள் போன மூன்றாம் நாள் சாந்தி வந்தாள். பெறுபேறு வந்துவிட்டதாம். ஒரு பிள்ளை கணிதம் படிக்க அழுகிறதாம், தகப்பன் மறுக்கிறாராம், அன்ரி, நீங்கள் வந்தால் அவர் கேட்பார் என்றாள். கௌசி ஸ்கூட்டியை எடுத்தாள். நான் என்னுடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினேன்.

தேத்தண்ணி வந்தது. உங்களுடைய பேச்சை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். தகப்பனும் கோட்டை விட்டால் என்று கேட்டார். நானும் கதிரையில் முன்னுக்கு வந்து, மல்லுக்கட்டின பிள்ளை பயப்படாது என்றேன். அந்தப் பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தகப்பன் அந்த மற்றக் கேள்வியையும் கேட்டார். மாஸ்டர் தன்னுடைய மகளைக் கணிதத்துக்கு விடவில்லைத்தானே?

வழக்கமாக அந்த இடத்தில் நீங்கள்தானே சொல்வீர்கள். நான் கலண்டரைத் தேடினேன்.

படிக்கட்டில் நின்ற கௌசி உள்ளே வந்தாள். "நான்தான் அண்ணை அந்த மகள். எனக்கு விருப்பம் இருந்தது. அப்பா பயந்திட்டார்" என்றாள். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பினாள். "நீங்கள் பயப்பிடாதேங்கோ. பிள்ளையைப் படிக்க விடுங்கோ."

திங்கட்கிழமை பின்னேரம் அந்தப் பிள்ளை புதுக் கொப்பியோடு வந்து முதல் வாங்கில் இருந்தது. நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். யாரும் எழுப்பவில்லை.

அடுத்த வருடமும் போவேன். அதற்கடுத்த வருடமும் போவேன். உங்களுடைய பேச்சு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அது நல்ல பேச்சு, கடைசிவரை சொல்வேன். ஆனால் அவவுக்குக் கொமேர்ஸில்தான் விருப்பம் என்ற அந்த ஒரு வசனத்தை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கோ. அந்த இடத்தில் இனி என்ரை பிள்ளை கதைப்பாள்.