எடில்சாவின் மோதிர விரல்

ஜனவரி 9, வெள்ளி
நக அலங்காரக்காரி யுரானிஸ் தன் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். கார்னிவல் திருவிழாவுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. இந்தப் பர்ரன்கியா ஊரில் எந்தப் பெண் வெறும் நகத்தோடு இருக்கிறாள், என்னைத் தவிர?

தங்கை எடில்சாவுக்கு மூன்றாவது புற்றுநோய் மருந்து ஏறியதிலிருந்து நகங்கள் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. அதன் மேல் செயற்கை நகம் ஒட்டினால் உள்ளே போகும் தண்ணீர் வெளியே வராது, கிருமி குடியேறும் என்று சொன்னேன். டாக்டரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

"முடி போச்சு, புருவம் போச்சு. கும்பியா ஆடும்போது மெழுகுவர்த்தி பிடிக்கிற கையத்தானே ஊரே பாக்கும்? நகமாவது இருக்கட்டும்கா."

இருபது வருஷமாக ஆய்வகத்தில் கிருமி வளர்ப்பவள் நான். குறைந்தபட்சம் புது நக அரம் வாங்கிக் கொடுத்தேன், கத்தரியைக் கொதிக்க வைத்தேன்.

"டாக்டரம்மா, நகம் வைக்கிறோமா, ஆப்பரேஷன் பண்றோமா?" என்றாள் யுரானிஸ். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொல்வது? இருவரும் சிரித்தார்கள். எடில்சா சிரித்து நாளாயிற்று.

ஜனவரி 12
எடில்சாவிடம் சொன்னவை: நீளம் வேண்டாம். பாத்திரம் கழுவினால் கையுறை போட்டுக்கொள். கையை நன்றாக உலர்த்து. நகம் தூக்கினால் திரும்ப ஒட்டாதே, எடுத்துவிடு. தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன்.

ஜனவரி 20
மோதிர விரலில் ஓரம் தூக்கியிருந்ததாம். செருப்பு ஒட்டும் பசையை வைத்து அவளே அமுக்கிவிட்டாள். "பாரு, அசையவே இல்ல!"

அசையவில்லைதான். உள்ளே இருக்கும் ஈரமும் அசையாது.

எடுத்துவிடலாம் என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரி 24
முத்து வெள்ளையாக இருந்த நகங்கள் இன்று கருஞ்சிவப்பு. ஏன் மாற்றினாய்? "சும்மா." யுரானிஸ் என் முகத்தையே பார்க்கவில்லை.

ஜனவரி 27
வலி தாங்காமல் அவளே கையை நீட்டினாள். அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தேன். மோதிர விரல் முழுக்கப் பச்சை, மாங்காய்த் தோல் மாதிரி. லேசாகத் திராட்சை வாசம். இந்த வாசத்தை வைத்துத்தான் மாணவர்களுக்கு இந்தக் கிருமியை அடையாளம் காட்டுவேன். என் தங்கையின் விரலில்—

யுரானிஸ் அழுதாள். "பூஞ்சைன்னு நெனச்சேன் டாக்டரம்மா. பூண்டு ஊறப்போட்ட பாலிஷ் தடவினேன். மேல கலர் அடிச்சா ஆறிடும்னு..." பூஞ்சை இல்லை, பாக்டீரியா. அதைச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? அவளைத் திட்டவும் தெம்பில்லை.

ஜனவரி 29
காய்ச்சல். ஆஸ்பத்திரி. வெள்ளணுக்கள் அடிமட்டத்தில். "நீங்க கூடவே இருந்தீங்களா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

பிப்ரவரி 3
காய்ச்சல் இறங்கியது. மோதிர விரல் நகத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த மருந்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கட்டி காத்திருக்குமா என்று கேட்டேன். "பாப்போம்" என்றார் டாக்டர்.

எடில்சா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ ஜெயிச்சுட்ட."

எதை ஜெயித்தேன்?

பிப்ரவரி 8
வீட்டுக்கு வந்துவிட்டாள். கும்பியாப் பாவாடையை மடித்து அண்ணியிடம் கொடுத்துவிட்டாள். "இந்த மொட்டை விரல வச்சுக்கிட்டு மெழுகுவர்த்தி பிடிக்கமாட்டேன்." நானும் வற்புறுத்தவில்லை. கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உள்ளூர நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 14, சனி
காலையில் அவள் அறையிலிருந்து திருவிழாவின் கோமாளி வேஷமான மரிமோந்தா ஒன்று வெளியே வந்தது. நீள மூக்கு, பெரிய காதுகள், தலையை முழுசாக மூடிய முகமூடி, கையில் வெள்ளை உறை.

"யாருன்னு தெரியுதா?"

"தெரியல" என்றேன்.

"அதான் வேணும்!"

மொட்டைத் தலை தெரியவில்லை, விரல் தெரியவில்லை. ஆனால் உறைக்குள் வியர்வை. இந்த வெயிலில் ஈரத்தை எங்கே கொண்டுபோய் விரட்ட? போகாதே என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் அதற்குள் தெருவில் ஊதலை ஊதிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சும், துண்டும், உலர்ந்த மாற்று உறைகளும் பையில் போட்டுக்கொண்டு ஊர்வலத்தின் ஓரமாகவே நடந்தேன். நிழல் கண்ட இடத்தில் வந்து கையை நீட்டினாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன், ஊதி உலர்த்தினேன். மோதிர விரல் நுனி இளஞ்சிவப்பாக இருந்தது. ஆறுகிறதா, மறுபடி ஆரம்பிக்கிறதா, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"சீக்கிரம்கா, என் கூட்டம் போயிடும்!"

ஓடிக் கலந்துவிட்டாள். நூற்றுக்கணக்கான மரிமோந்தாக்கள், எல்லாம் ஒரே மூக்கு, ஒரே காது, ஒரே உறை. எது அவள் என்று தெரியவில்லை. எல்லோர் கையையும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.