ஏழாவது வரியும் கோலமாவுக் கோப்பையும்

அன்பு மச்சான் கலியபெருமாளுக்கு,

நம் குழுவில் பெரிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்க வேண்டும். மூன்று கூட்டம், ஒரு வெளிநடப்பு, பல சுற்று டீ எல்லாம் முடிந்த பிறகு, வெற்றிப் பலகையை இனி ஆணியில் மாட்டுவதில்லை, கொக்கியில் மாட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டோம். வெளிநடப்புச் செய்தவர் ஆணிக் கட்சி. டீ வந்ததும் திரும்பி வந்தார். அதனால்தான் ஏகமனது.

நிர்வாகத் தலைவர் மிஷேல் ஐயா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் இல்லையா, தீர்மானத்தை வாசிக்கும்போது எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம். கொக்கி இன்னும் வாங்கவில்லை.

இதெல்லாம் ஏன் வந்தது என்றால், நீ போன பிறகு வந்த மழையில் கூரை ஒழுகி, பழைய பலகை ஊறி அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. புதுப் பலகை செய்ய வேண்டியதாயிற்று. புதிதாக எழுதுவதென்றால் பழையதைப் பார்த்துத்தானே எழுத வேண்டும்? அங்கேதான் சிக்கல்.

எந்தச் சிக்கல் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

ஆலை மூடிய பிறகு சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்கள் நாம். பிரெஞ்சுப் பட்டாள பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் மரத்தடியில் பெத்தாங்க் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். சின்ன மரக்குண்டை எறிந்துவிட்டு, அதன் பக்கத்தில் இரும்புக் குண்டைப் போட வேண்டும். யாருடைய குண்டு நெருக்கமோ அவருக்குப் புள்ளி. பதின்மூன்று எடுத்தால் ஆட்டம் முடிந்தது. இதற்குப் பட்டாளம் எதற்கு என்றாய் நீ. இரண்டே வருஷத்தில் ஆலைத் தெருக் குழு சொல்தாக்களைத் தோற்கடித்தது. தோற்ற மிஷேல் ஐயா கோபித்துக்கொண்டு நம் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்.

பிறகு வருஷா வருஷம் பொங்கல் போட்டி. ஒரு வருஷம் நாம் ஜெயிப்போம், இல்லையென்றால் வைத்திக்குப்பம் ஜெயிக்கும். நம் பலகையில் பதினொரு வெற்றி. வைத்திக்குப்பத்தார் தங்களுக்குப் பத்து என்பார்கள். இரண்டையும் கூட்டினால் நடந்த போட்டிகளைவிட வெற்றிகள் ஒன்று கூடுதலாக வரும். இத்தனை வருஷமாக இந்த ஊரில் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

கூடுதலாக இருந்தது ஏழாவது வரி. நீ அணித் தலைவனாக ஆடிய ஒரே வருஷம்.

அது தேர்தல் நேரம். ஊரில் இருந்த பெயிண்டர் அத்தனை பேரும் சுவர்களுக்குப் போய்விட்டார்கள். நம் சிகாமணி, “சனிக்கெழம ஒரு நாள்தான் காலி. அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்கு என்னைப் புடிக்க முடியாது” என்றார். இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அரையிறுதியில் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் ஜெயித்திருந்த தைரியத்தில் நீ சொன்னாய்: “நாளைக்கு ஜெயிக்கறத இன்னைக்கு எழுதறதுல இன்னா தப்பு? கல்யாணப் பத்திரிகைய தாலி கட்டின பொறவா அடிக்கிறாங்க?”

சிகாமணி எழுதினார். ‘முதல் இடம். தலைவர்: கலியபெருமாள்.’ எழுத்து நன்றாக வந்திருந்தது. அதற்கு முந்தைய ஆறு வரிகளைவிட நன்றாகவே.

ஞாயிறு ஆட்டம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் நின்றது. கடைசிக் குண்டு உன்னுடையது. அளக்கும் டேப் என்னுடையது. ஊரே குனிந்து பார்க்க, நான் மண்டி போட்டு அளந்தேன். வைத்திக்குப்பம் அணியின் சுப்புராயனின் குண்டு உன்னுடையதைவிட ஒரு நக அகலம் நெருக்கம்.

“சரியா அளந்தியா மச்சான்?”

“ரெண்டு தடவ அளந்துட்டேன்.”

“அப்ப சரி.”

அவ்வளவுதான் நீ பேசியது. சுப்புராயனின் கையைப் பிடித்துக் குலுக்கினாய். அந்தச் சாயங்காலமே டர்பன்டைனில் நனைத்த துணியோடு குழு அறைக்கு வந்தாய். உன் கையைப் பிடித்து நிறுத்தியவன் நான். “இருக்கட்டும். சிகாமணி வந்ததும் மாத்திக்கலாம்” என்றேன். பகலில் அந்த நக அகலத்தைச் சொன்ன எனக்கு, உன் பெயரையும் சேர்த்து அழிப்பதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சிகாமணி இரண்டு மாதத்தில் வந்தார். தேர்தலைப் பற்றிப் பேசினோம்.

அதற்குப் பிறகு உன் நாற்காலி எப்போதும் பலகைக்கு முதுகைக் காட்டியே கிடந்தது. காற்றுக்காக என்று சொன்னாய். அந்தப் பக்கம் காற்று வருவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் ஏன் ஒரு நாள்கூட வாய் திறக்கவில்லை?

இப்போது உன் மகளுக்கு வருவோம். செண்பகா கதிர்காமம் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்துகொண்டே ஆட்டத்தில் நம் அணிக்கும் தலைவி ஆகிவிட்டாள். நீ வேட்டியில் துடைத்தது போலவே, போடுமுன் குண்டைச் சேலை முந்தானையில் துடைக்கிறாள். போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தவள் என்னிடம் வந்தாள்.

“மாமா, பலகைல லைன் பதினொண்ணு இருக்குது. கப்பு பத்துதான் இருக்குது. அப்பாவோட கப்பக் காணும்.”

செயலாளர் என்ற முறையில் உடனே ஒரு பொய் சொன்னேன். “அது வைத்திக்குப்பத்துல சுப்புராயன் வூட்ல கீதும்மா. பாக்கணும்னு வாங்கினு போனான், திருப்பித் தரல.” பொய்யில் பாதி உண்மை கலந்தால் நிற்கும் என்று நினைத்தேன். நின்றது. அவள்தான் நிற்கவில்லை. மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு சுப்புராயன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சுப்புராயன் அவளைப் பார்த்தான். அவள் சொன்னதில் என் பெயரைக் கேட்டான். உன் பெயரைக் கேட்டான். அந்த ஆள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையாம். “ஆமாங்கண்ணு, ஒங்கப்பன் ஜெயிச்சதுதான். சும்மா வாங்கியாந்து வச்சிக்கினேன். எடுத்துக்கினு போ” என்று கொடுத்துவிட்டான். அவன் மனைவி மட்டும், “அப்ப கோலமாவ எதுல கொட்டறது?” என்று கேட்டிருக்கிறாள்.

மச்சான், பொய் சொல்வதில் அவன் நம்மைவிடப் பெரிய மனுஷன். ஆனால் அவன் வீட்டுக் கோலமாவு அப்படி இல்லை. கோப்பையின் அடியில் வெட்டியிருந்த எழுத்துகளுக்குள் மாவு போய் உட்கார்ந்து, ‘முதல் இடம், வைத்திக்குப்பம்’ என்று வெள்ளை வெளேரென்று தெரிந்தது. நம் சிகாமணிகூட அவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

செண்பகா கோப்பையை என் முன்னால் வைத்தாள்.

“எழுதினது யாரு?”

“சிகாமணி.”

“அழிக்காம வுட்டது?”

“நான்தாம்மா.”

எல்லாவற்றையும் சொன்னேன். துணி, டர்பன்டைன், நக அகலம். அவள் அழுவாள் என்று பயந்தேன். அவளோ சிரித்தாள். “அப்பா ஏன் திரும்பியே உக்காந்தாருன்னு இப்பத்தான் புரியுது. நான் காத்துக்குன்னே நெனச்சேன்.”

மூன்றாம் கூட்டத்தில், கொக்கி விவகாரம் தீர்ந்த பிறகு, ஏழாவது வரியை எடுத்தோம். பழையபடியே எழுதிவிடலாம் என்றார் மிஷேல் ஐயா. “நோன், நோன். வெற்றிப் பலகையில் தோல்வி எழுதுவது எந்த நாட்டிலும் இல்லை” என்றார். அவர் எத்தனையோ நாடு பார்த்தவர் என்பதால் எல்லாரும் தலையாட்டினார்கள்.

செண்பகா எழுந்தாள். “லேப்ல ரிசல்ட் எப்படி வருதோ அப்படித்தான் எழுதுவோம் சார். நல்லா வரணும்னு எழுதிக் குடுத்தா பேஷன்ட்டு போய்ச் சேந்துடுவாரு.”

என் தங்கச்சியையும் கேட்டுவிடலாம் என்று உன் வீட்டுக்குப் போனேன். அஞ்சலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “ரெண்டாவது எடம்னா ரெண்டாவதுன்னு எழுதுண்ணே. அவரு பேரு இருந்தா போதும். அன்னிக்கு வூட்டுக்கு வந்து, தோத்துட்டோம்னு எங்கிட்ட சொல்லிட்டாரே. எனக்கு இன்னா புதுசா?”

உனக்கு இதில் வருத்தம் உண்டா, மச்சான்? நீ அன்றைக்கே செய்ய வந்ததைத்தான் செய்திருக்கிறோம். தாமதம் முழுக்க என்னுடையது.

நேற்று சிகாமணி வந்தார். கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்து நடுங்கவில்லை. பிரஷைத் தொடுமுன் என்னைப் பார்த்து, “இந்தத் தடவ ஆட்டம் முடிஞ்சுதா?” என்று கேட்டார். முடிந்து வெகு காலம் ஆகிவிட்டது என்றேன். ‘இரண்டாம் இடம். தலைவர்: கலியபெருமாள்.’ அந்தப் பலகையில் இரண்டாம் இடம் என்று இருப்பது உன் வரி ஒன்றுதான். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள்.

நம் கடிதத் தாளில் ‘நகரத்தின் முதன்மையான குழு’ என்று இருந்ததை ‘முதன்மையான குழுக்களுள் ஒன்று’ என்று மாற்ற மிஷேல் ஐயா சம்மதித்துவிட்டார். தாள் தீர்ந்த பிறகு மாற்றுவதாக நிபந்தனை. நாம் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கோப்பையைத் துடைத்து எடுத்துக்கொண்டு நானும் செண்பகாவும் வைத்திக்குப்பம் போனோம். படகு மேல் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த சுப்புராயன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

செண்பகா கோப்பையை நீட்டினாள். “இது உங்க கப்பு. நீங்கதான் ஜெயிச்சீங்க.”

“தெரியும். நான்தான ஜெயிச்சேன்?”

“அப்ப வாங்கிக்கங்க.”

“குடுத்தது குடுத்ததுதான். வூட்ல கோலமாவுக்கு டப்பா வாங்கியாச்சு. இத வெக்க எடம் இல்ல.” பிறகு என்னைப் பார்த்து, “இன்னாய்யா முருகையா, டேப்பு வச்சிருக்கியா இன்னும்?” என்றான். இருக்கிறது என்றேன். “ஒன்னப் போல ஒரு ஆளு எங்க பக்கம் இருந்திருந்தா அன்னிக்கு அளக்காமயே நாங்க தோத்திருப்போம்” என்று சொல்லிவிட்டு, நான்கு சங்கரா மீனைப் பையில் போட்டுக் கொடுத்தான். அவன் சொன்னது பாராட்டா, திட்டா? நீ இருந்தால் கேட்டிருப்பேன். மீன் நன்றாக இருந்தது.

உன் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், சுவரில் சாய்த்திருக்கும் பலகையைப் பார்த்தபடி. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று சட்டம் போட முடியாது, மிஷேல் ஐயாவுக்கு முழங்கால் வலி. ஆனால் இது உறுதி, மச்சான்: நான் செயலாளராக இருக்கும்வரை டேப்பைச் சுருட்டி வைத்த பிறகுதான் பிரஷைத் தொட விடுவேன். எத்தனை தேர்தல் வந்தாலும் சரி.

பலகையில் இப்போது நமக்குப் பத்து வெற்றி. அலமாரியில் பதினொரு கோப்பை இருக்கிறது.

உன் பெண்டாட்டியின் அண்ணன், அன்று டேப் பிடித்தவன்,
முருகையன்