கடையில் வாங்காத புராஜெக்ட்

என் சண்டைக்கார அக்காவுக்கு,

நின்றுவிட்டது அக்கா! நான் செய்த மோட்டார் சரியான நேரத்தில் தானாக நின்றுவிட்டது! திண்டிவனம் காலேஜிலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதல் வருஷம் எங்கள் வகுப்புக்கு வாத்தியாரே வராமல் இருந்தது ஞாபகமிருக்கிறதா? நீ புதுச்சேரி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நேராக காலேஜ் ஆபீசுக்குள் நுழைந்தாய். "பீஸ மட்டும் ஜல்தியா வாங்கிக்கினீங்க இல்ல? புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க!" நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் எனக்கும் அதே எண்ணம்தான். நீ காசு கட்டியாயிற்று, என் மண்டையில் ஏற்றுவது அவர்கள் பாடு.

கடைசி வருஷப் புராஜெக்டும் அப்படித்தான். விழுப்புரத்தில் ஒரு கடையில் ரெடியாகவே கிடைக்கும். "எல்லாரும் வாங்குறாங்க இல்ல, நீயும் வாங்கிக்கினு வா. எதுக்குப் பேஜாரு?" என்று நீயே பணம் எடுத்து வைத்தாய். அப்புறம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் பணத்தோடு கடைக்குப் போனேன். "இது எப்படிண்ணா வேல செய்யுது?" என்று கேட்டேன். "அது எதுக்குமா உனக்கு? சுவிட்சப் போட்டா ஓடும்" என்றார். சுருக்கென்றது அக்கா. மெஷின் முன்னால் நின்று நின்று நீ சம்பாதித்த காசு. அதைக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாமல் திரும்பி வருவதா?

அதே காசில் சின்ன மோட்டாரும் சாமான்களும் வாங்கினேன். கிணற்றில் தண்ணீர் வற்றியும் ஓடிக்கொண்டிருந்து கெடார் கிராமத்து மாமாவின் மோட்டார் எரிந்துபோகிறதே, அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். லைப்ரரியில் தேடினேன், கெஞ்சி லேப் சாவி வாங்கினேன். முதலில் புகைந்தது. அழுதேன், திரும்பவும் பிரித்தேன். இதிலும் தோற்றால் இந்த வருஷமே போச்சு.

இன்று வெளியூரிலிருந்து பரீட்சை நடத்த வந்த மேடம் ஒவ்வொருவர் புராஜெக்ட் பெட்டியிலும் ஒரு ஒயரை உருவிவிட்டு, "திருப்பி மாட்டுங்க" என்றார். கடையில் வாங்கியவர்கள் திருதிருவென்று முழித்தார்கள். நான் மாட்டினேன். பக்கெட்டில் தண்ணீர் தீர்ந்ததும் மோட்டார் டக்கென்று நின்றது!

"யாருமா சொல்லிக் குடுத்தது?"

"நானே கத்துக்கினேன் மேடம். எங்க அக்கா பீஸ் கட்டுச்சி."

வரும் ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கிணற்றில் மாட்டப்போகிறேன். வேலை செய்யாவிட்டால் நானே பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன். இனி எனக்காக உன்னைச் சண்டைக்குக் கூப்பிட மாட்டேன் அக்கா. நீ கொஞ்சம் உட்கார்.

இப்போதெல்லாம் தூணுக்குப் பின்னால் ஒளியாத
உன் தங்கச்சி
செல்வி