இடப்பக்கத்து விளக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

நேற்று கடையில் ஒரு வேடிக்கை. காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவனுக்குப் பேட்டரி பார்க்க ஒரு பெரியவர் வந்தார். உள்ளே என்னென்ன, எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டுத்தான் பேட்டரி சொல்வோம். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் விளக்கு வேண்டும், இடப்பக்கத்து விளக்கு விடிய விடிய எரிய வேண்டும் என்றார்.

"தனியாத்தானே போறீங்க? ஒரு விளக்குன்னா சின்ன பேட்டரியே தாராளம்" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

"வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து நாலு மாசம் ஆச்சு தம்பி. அவளுக்கு இருட்டுன்னா ஆகாது."

பெரிய பேட்டரியே மாட்டிக் கொடுத்தேன்.

அம்மாவின் கடைசி முகத்தைக்கூடப் பார்க்காத பாவி நான். வேளைக்குச் சாப்பிடுங்கள் அப்பா. முதலாளி கூப்பிடுகிறார், ஒன்றே ஒன்று: அம்மாவின் போனைத் தினமும் சார்ஜில் போட்டு வையுங்கள். அவ்வப்போது கூப்பிடுவேன். நீங்கள் எடுக்க வேண்டாம், அடித்து ஓயட்டும்.

உங்கள் மகன்