மிளகு வரத்தும் வலது தோளும்

மாசி 2, சனி
பனிமூட்டம். எதிர்க்கடை தெரியவில்லை. நேற்று டவுனுக்குப் போய் வந்த அலுப்பு. டாக்டர் ஸ்கேன் பார்த்தார். வலது தோளில் தசைநார் பாதி கிழிந்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்தால் ஆறு வாரம் கை கழுத்தில் தொங்க வேண்டும். செய்யாமல் பயிற்சி செய்தும் பார்க்கலாம். “நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க” என்கிறார். நான் யோசிக்கவா பஸ் ஏறிப் போனேன்?

ஆறு வாரம் என்றால் கடைக்கு மிளகு வரத்தே முடிந்துவிடும். ஆபரேஷன் வேண்டாம். அசைக்காமல் வைத்தால் தானே ஒட்டும். துண்டால் கட்டியாயிற்று.

மாசி 9, சனி
அரியூர் நாட்டு விவசாயி பெருமாள் புது மிளகு விற்க வந்தார். ஈரம் பார்க்க இடது கையைச் சாக்குக்குள் விடப் போனேன். சாக்கு வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, மொத அள்ளு பீச்சாங்கையிலயாங்க? வருசம் பூரா வெளங்குமா?”

“கை முடியல சாமி.”

“அப்ப நல்லானப்புறம் வாரேனுங்க.”

நேரே பேளுக்குறிச்சிச் சந்தைக்கு பஸ் ஏறிவிட்டார். இந்த வாரம் மூன்றாவது ஆள். வருகிற சரக்கெல்லாம் இப்படிப் போனால் கடை எதற்கு?

வீட்டுக்காரர்: “காப்பீட்டு அட்டை இருக்குதுல்ல, அறுத்துக்க.” அட்டை இருக்கிறதென்று குடலையும் அறுத்துக்கொள்ளவா?

மாசி 18, திங்கள்
வலி குறைவு. ஆனால் கை எழவே இல்லை. சடை பின்னியது வீட்டுக்காரர். வைக்கோல் பிரி தோற்றது. மறுபடி டவுன். பயிற்சி சொல்லித்தரும் பெண் துண்டைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

“யாருங்கம்மா கட்டச் சொன்னது?”

“ஆபரேஷன் இல்லேன்னா ஓய்வுதானே கண்ணு.”

“பயிற்சி பண்ணச் சொன்னா கட்டி வெச்சிருக்கீங்க! தோளே இறுகிப்போச்சு.”

பதினாறு நாள். நானே கெடுத்தது. யாரைத் திட்ட?

டாக்டர் மூன்று வாரம் கெடு வைத்தார். அதற்குள் கை எழாவிட்டால் ஆபரேஷன். ‘உன் வீட்டுக்கு இதை வாங்குவியா’ என்று சரக்கு விற்பவனிடம் கேட்பதைப் போலக் கேட்டேன்.

“உங்கம்மாவுக்குன்னா என்ன பண்ணுவீங்க?”

“அவங்களுக்கும் இதேதாங்க. பயிற்சிதான் சொன்னேன்.”

“சரியாச்சுங்களா?”

“அவங்க பண்ணவே இல்லீங்களே.”

மாசி 24, ஞாயிறு
தினம் மூன்று வேளை பயிற்சி. சுவரில் விரல்களால் ஏற வேண்டும். கண்ணில் தண்ணீர். “அக்கா, பல்லி புடிக்கறீங்களா?” என்கிறான் புளி வாங்க வந்தவன். அவன்கூட வைத்தியம் சொல்கிறான். எல்லோருக்கும் ஒரு சித்தப்பா, அவருக்குக் குணமான ஒரு முழங்கால்.

பங்குனி 9, திங்கள்
வெயில். டவுன். கை காது வரை வந்துவிட்டது, அதற்கு மேல் இல்லை. சடை நானே பின்னுகிறேன். காலையில் ஒரு மிளகு மூட்டையில் வலது கையை முழங்கை வரை விட்டு அள்ளினேன், வலித்தது, அள்ளினேன். இது போதும், ஆபரேஷன் வேண்டாம், பயிற்சியே செய்கிறேன் என்றேன்.

“நானும் அதைத்தாங்க நெனச்சேன்” என்கிறார் டாக்டர்.

நினைத்தாராம்.