இரண்டாவது நாக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, சின்னவள் மூவரும் சுகம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் அம்மா போனை வாங்கிக்கொள்வாள், அப்புறம் கதை எனக்குச் சாதகமாக இருக்காது. அதனால் கடிதம்.

சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, வீட்டில் பேசும் மொழி எது என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள், தமிழ் என்று எழுதினேன். பத்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. இத்தனை வருஷமும் இந்த மாதிரிக் கடிதங்களை நீதான் படித்துச் சொல்வாய், இப்போது நீ இங்கே இல்லை, போனில் படம் பிடித்தால் தமிழில் காட்டுகிறதே, அதில் பார்த்தேன். தங்கள் குழந்தைக்கு இரண்டாவது நாக்குக்கான உதவி தேவைப்படுகிறது என்று காட்டியது. அம்மா அவளை ஜன்னலோரம் நிற்கவைத்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது. பிறகு மேல்வீட்டு டாக்சிக்காரரிடம் கொண்டுபோனேன். இருபது வருஷமாக இந்த நாட்டில் இருப்பவர். கடிதத்தை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்துவிட்டு, நாக்கு இல்லை, இரண்டாவது மொழி, இது இங்கிலீஷ் வராத பிள்ளைகளைத் தனியாக உட்காரவைக்கிற வகுப்பு, ஒரு தடவை அந்த முத்திரை விழுந்தால் கடைசிவரைக்கும் போகாது என்றார். வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் அடித்து, கையெழுத்தையும் கொஞ்சம் பெரிதாகவே போட்டு அனுப்பினேன்.

இங்கிலீஷை வீட்டிலேயே வரவழைத்துவிடலாம் என்பது என் திட்டம். இனி வீட்டுக்குள் தமிழ் கூடாது என்று உத்தரவு போட்டேன். முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் உப்பை மட்டும் கேட்டு வாங்க முடிந்தது. மூன்று நாள் அம்மாவும் நானும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, வார்த்தைதான் இல்லை. சின்னவள் எதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள், பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் யாருடைய பாவாடையையோ உடுத்திக்கொண்டு வந்தாள். அவளுடையது பையின் அடியில், பிளாஸ்டிக் கவருக்குள் ஈரமாகச் சுருண்டு கிடந்தது. அம்மா பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள். "பாத்ரூம் போகணும்னு டீச்சர்கிட்ட எப்படிக் கேக்கணும்னு தெரியலம்மா. அப்பாகிட்டயும் தமிழ்ல கேக்கக் கூடாதுல்ல" என்றாள். நான் எழுந்து போய்ப் பால்கனியில் கிடந்த துணிகளை எடுத்தேன். காயவில்லை, ஆனாலும் எடுத்தேன்.

மறுநாள் கண்ணாடிப் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவும் நானும் பள்ளிக்கூடம் போனோம். தமிழ் என்ற ஒரு சொல்லைச் சொன்னதும் ஆபீஸ் அம்மா வியாழக்கிழமைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்துவிட்டார். கேட்டால் கிடைக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வியாழக்கிழமை போனால், அந்த வகுப்பு ஒரு சின்ன அறை, பிள்ளைகள் உட்காரும் நாற்காலி, என் முழங்கால் மோவாய்க்கு வந்தது. டீச்சர் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். தினமும் முக்கால் மணி நேரம்தான், நாலைந்து பிள்ளைகள், மற்ற நேரமெல்லாம் எல்லோரோடும் தன் வகுப்பில்தான். இது மக்கு என்று ஒதுக்குகிற இடம் இல்லை, இங்கிலீஷ் இன்னும் வரவில்லை என்பதற்கும் படிப்பு வரவில்லை என்பதற்கும் சம்பந்தமே இல்லை. வருஷத்துக்கு ஒரு தேர்வு, தேறியதும் வெளியே வந்துவிடலாம். வேண்டாம் என்று எழுதியதை இன்றைக்கே மாற்றலாம். கடைசியாக, வீட்டில் தமிழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதில் நன்றாகப் பேசுகிற பிள்ளைக்குத்தான் அடுத்த மொழி சீக்கிரம் வரும் என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கிளம்பும்போது டீச்சர் ஒரு பழைய ஃபைலை எடுத்து, உங்கள் பெரிய பெண்ணும் என்னிடம் இரண்டு வருஷம் படித்தாள் என்றார். உள்ளே இருந்தது நம் ஹாலில் மாட்டியிருக்கும் கடிதத்தின் நகல், சின்னவளுக்கு வந்த அதே வகுப்புக் கடிதம்தான். நாம் இங்கே வந்து இரண்டு மாதம், உனக்கு ஒன்பது வயது. "சிறப்பு வகுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்காங்கப்பா, கையெழுத்துப் போடுங்க" என்று நீதான் படித்துச் சொன்னாய். நான் பட்டறையில் நல்ல கண்ணாடியாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து, ஃபிரேம் போட்டு மாட்டினேன். பன்னிரண்டு வருஷமாக வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். அதைக் கழற்றவில்லை, கழற்றுவதாகவும் இல்லை.

சின்னவள் அந்த வகுப்புக்குப் போய் இப்போது ஆறு வாரம். போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து மொழிபெயர்ப்பாளரை வைத்துப் போன் வந்ததும், இன்னொரு பாவாடையா என்றுதான் நினைத்தேன். பக்கத்து இருக்கைப் பெண் என் பென்சிலை எடுத்துக்கொண்டு தர மறுக்கிறாள் என்று சின்னவள் எழுந்து நின்று இங்கிலீஷில் முழு வாக்கியமாகப் புகார் சொன்னாளாம். அவள் அங்கே பேசிய முதல் வாக்கியம். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த மாதம் புதுப் பெற்றோர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதையெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்கிறாள் அம்மா.

உன்மேல் கோபம் இல்லை. நாங்கள் பயப்படக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்லியிருப்பாய். ஆனால் அந்தக் கடிதத்தை முதலில் நீ தனியாகப் படித்திருப்பாய் இல்லையா. அன்றைக்கு உனக்குப் பயமாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் தாமதம்தான், இப்போது கேட்கிறேன். பதில் எழுது, எத்தனை பக்கமானாலும் சரி.

நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சின்னவளோடு பேச மறக்காதே, தமிழிலேயே பேசு.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா