பிஸ்கட்டுக்கு ஒரு நாற்காலி

அன்புள்ள லோரெய்ன்,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? வடக்கு டகோட்டாக் குளிருக்கு நீ கொடுத்த கம்பளிச் சட்டையே போதும், கவலைப்படாதே.

இங்கே சர்ச்சில் வியாழன்தோறும் பெண்கள் கூடித் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிறார்கள். நானும் ஊசியோடு போனேன். தலைவி வெர்னா சிரித்தாள். "வெல்டிங் கைக்கு ஊசி எதுக்குப்பா? போய்க் காப்பி போடு."

போட்டேன். மறுவாரம் உன் இஞ்சி பிஸ்கட்டைச் சுட்டுக்கொண்டு போனேன். தின்றாலும் துணியில் பிசுக்கு ஒட்டாதே, தட்டு நொடியில் காலி!

"செய்முறையை நாலு வரியில எழுதிக் குடுப்பா, கிறிஸ்துமஸுக்கு நாங்களும் சுடறோம்" என்றாள் வெர்னா.

"தைக்கிறவங்களுக்கு மட்டுந்தான் குடுப்பேன். காப்பி போட்டுக்கிட்டே எழுத எனக்குக் கை ஒழியாது" என்றேன்.

ஊசிகள் நின்றன. வெர்னா பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினாள். "சரியான பிடிவாதக்காரன்யா. உக்காரு."

உட்கார்ந்தேன். உன்னைக் கேட்காமல் செய்முறையைக் கொடுத்துவிட்டேன், திட்டாதே. என் தையல் கோணல்தான். வெர்னா பிரிக்கச் சொன்னாள், மாட்டேன் என்றுவிட்டேன்.

ஊசி குத்தாமலிருக்க நீ மாட்டிக்கொள்ளும் விரலுறையை உன் தையல் பெட்டியிலிருந்து எடுத்து அனுப்பு. என் சுண்டுவிரலில்கூட நுழையாது, தெரியும். இருந்தாலும் அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் ஆல்டன்